கைமாறிய தீர்ப்பு: யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கடன் வரலாற்றில் ஓர் அத்தியாயம்

1

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமூக வரலாற்றை ஆராய்ந்தோர் நிலத்தைப் பற்றியும் சாதியைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். இவை மூன்றினூடும் ஓடிய கடனைப் பற்றி எழுதியோர் சிலரே. நிலம் கைமாறியதற்குக் கடன் காரணமாயிற்று. பிள்ளைகளின் படிப்புக்கும் பெண்களின் சீதனத்துக்கும் கடன் வாங்கப்பட்டது. சாதி உறவுகள் கடனினால் இறுக்கம் பெற்றன. எனினும் கடன் என்பது குடும்பத்தின் மானத்தோடு சேர்த்து எண்ணப்பட்டமையால், அது வீட்டுக்குள்ளேயே பேசப்பட்டு வீட்டுக்குள்ளேயே மறக்கப்பட்டது. நீதிமன்றப் பதிவேடுகளும் குடும்பங்களின் உறுதிப் பெட்டிகளுமே அதன் சுவடுகளை இன்றும் தாங்கி நிற்கின்றன.

இக்கட்டுரையில் அக்கடன் வரலாற்றின் ஒரு சிறு கூற்றினை மட்டும் நாம் எடுத்துக்கொள்கின்றோம். கடன் கொடுத்தவர் வழக்காடி நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பைப் பெறுகின்றார். அத்தீர்ப்பின் பயனாக எழும் கட்டளையைத் தீர்ப்பாணை என்பர். வழக்கறிந்தோர் பேச்சில் அது ‘டிக்கிறி’. அத்தீர்ப்பாணையை அவர் தாமே நிறைவேற்றாது வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிடுகின்றார். எழுதி வாங்கியவர் முன்னையவரின் இடத்தில் நின்று கடனாளியின் சொத்தின்மீது கைவைக்கும் உரிமையைப் பெறுகின்றார். சட்டநூலில் இரண்டொரு பிரிவுகளில் அடங்கும் இச்செயல், யாழ்ப்பாணச் சமூகத்தில் கடன் என்ற உறவு கடன் என்ற பண்டமாக மாறியதன் இறுதிக் கட்டத்தைக் குறிக்கின்றது என்பதே எமது கருத்து. அந்த மாற்றத்தில் எவை கைமாறின என்பதை நோக்குவது எளிது. எது கைமாறாமல் விடுபட்டது என்பதே ஆராயத்தக்கது.

2

குடாநாட்டின் வழமைச் சட்டமாகிய தேசவழமை, ஒல்லாந்த ஆட்சியில் ஆளுநர் கொர்னேலிஸ் ஜொவான் சீமன்ஸ் அவர்களின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய திசாவையாகிய கிளாஸ் ஈசாக்ஸ் என்பவரால் 1706–1707ஆம் ஆண்டுகளில் தொகுக்கப்பட்டது. பன்னிரண்டு முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஏற்றனர். பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியினால் அதற்குச் சட்டவலு அளித்தனர். தேசவழமையைத் திருமணம், சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்பவற்றுக்கான சட்டமாகவே நாம் பெரும்பாலும் நினைவுகொள்கின்றோம். ஆனால் ஒற்றி, ஈடு, அடகு, வட்டிக்கடன் என்பனவும் அதிற் கணிசமான இடத்தைப் பெற்றுள்ளன. தொகுக்கப்பட்ட காலத்துச் சமூகம் கடனை எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதற்கு அப்பகுதிகள் சான்றாகின்றன.

ஒற்றியை எடுத்துக்கொள்வோம். நிலத்தை ஒற்றி வைப்பவர் அதன் ஆட்சியைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைக்கின்றார். நிலத்தின் விளைவே வட்டிக்கு ஈடாகின்றது. தனியே வட்டி இல்லை. மீட்கவேண்டுமாயின், ஒற்றி பெற்றவர் தம் உழைப்பின் பயனை எடுத்துக்கொண்டபின், உரிய பருவத்தில் அறிவித்து மீட்கவேண்டும். எனவே இக்கடன் ஒரு குறிப்பிட்ட காணியோடும் ஒரு குறிப்பிட்ட பயிரோடும் பிணைந்தது. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே ஊரவர், பெரும்பாலும் ஒரே குறிச்சியினர், பலவேளைகளில் உறவினர். அதுபோன்றே, பெற்றோர் பட்ட கடனைத் தீர்க்கும் பொறுப்பு ஆண்மக்களுக்கு உண்டு என்றும், பெற்றோர் விட்டுச்சென்ற சொத்து கடனுக்குப் போதாதவிடத்தும் அப்பொறுப்பு நீங்காது என்றும் ஈசாக்ஸின் தொகுப்புக் குறிக்கின்றது. கடன் இங்கே குடும்பத்தின் தொடர்ச்சியோடு சேர்ந்த ஒன்று.

இதனை ஒரு பொற்காலமாகக் காட்டுவது எமது நோக்கமன்று. அதே தேசவழமை அடிமைகளைச் சொத்தாகக் கொண்டு அவர்களை விற்பது பற்றியும் விதி கூறியது. இலங்கையில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தாலேயே முற்றாக ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் நிலமற்ற குடிமக்களின் கடன், காசாகத் தீராது உழைப்பாகத் தீர்ந்தது; பல வேளைகளில் உழைப்பாலும் தீரவில்லை. முகமறிந்த கடன் இரக்கமுள்ள கடன் என்று கொள்வதற்கில்லை. அதில் அடக்குமுறையும் முகமறிந்ததாகவே இருந்தது. நாம் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. அக்கடனின் கணக்கு இருதரப்பாரின் நினைவிலும் ஊராரின் அறிவிலும் இருந்தது. எவ்வளவு வாங்கப்பட்டது, எவ்வளவு திருப்பப்பட்டது, எந்தப் போகத்தில் பொறுத்துக்கொள்ளச் சொல்லப்பட்டது என்பன மனிதரிடையே தங்கியிருந்தன.

3

பிரித்தானிய ஆட்சியின்போது இந்நினைவின் இடத்தை எழுத்து பிடித்துக்கொண்டது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைச் சட்டம், காணி பற்றிய கொடுக்கல் வாங்கல் யாவும் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டுமென விதித்தது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புச் சட்டம் உரிமைகளுக்குக் கால எல்லை வகுத்தது. பின்னர் 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை வந்தது. இக்கோவை இந்தியாவில் 1882ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கோவையைப் பெரிதும் தழுவியது. 1975ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒதுக்கப்பட்டு, 1977ஆம் ஆண்டில் மீண்டும் உயிர்பெற்று, திருத்தங்களோடு இன்றும் நடைமுறையிலுள்ளது.

தீர்ப்பாணை மாற்றம் பற்றிய விதிகள் இக்கோவையின் 339ஆம் 340ஆம் பிரிவுகளில் உள்ளன. அவற்றின் சாரம் வருமாறு: எழுத்து மூலமாகவோ சட்டத்தின் இயக்கத்தினாலோ தீர்ப்பாணை ஒன்று வேறொருவருக்கு மாறுமாயின், மாற்றம் பெற்றவர் அத்தீர்ப்பாணையை வழங்கிய நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். வழக்கின் தரப்பினர் அனைவரையும், அல்லது அவர்தம் பிரதிநிதிகளை, அம்மனுவில் எதிர்மனுதாரர் ஆக்குதல் வேண்டும். நீதிமன்றம் தக்கதெனக் கருதின், பழைய கடன்கொடுத்தோனின் பெயருக்குப் பதிலாக மாற்றம் பெற்றவரின் பெயரைப் பதிவேட்டிற் சேர்க்கும். அதன்மேல் அவர் முன்னையவர் செய்யத்தக்கது போன்றே தீர்ப்பாணையை நிறைவேற்றலாம். கடனாளி முன்னையவருக்கு எதிராக எடுத்துரைக்கத்தக்க நியாய உரித்துக்கள் யாவும் புதியவருக்கு எதிராகவும் செல்லும்.

இவ்விதிகளில் இரண்டு விடயங்கள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, மாற்றத்துக்கு வேண்டியது எழுத்து ஒன்றே. பணத் தீர்ப்பாணை காணியன்று. ஆதலால் காணி விற்பனைக்கு வேண்டிய நொத்தாரிசு உறுதி அதற்கு வேண்டியதில்லை. தேசவழமையில் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் உள்ள முற்கொள்வனவு உரிமை காணி விற்கப்படும்போதே எழுவது. அவ்வுரிமை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தால் தனியே ஒழுங்குபடுத்தப்பட்டது. காணியை விழுங்கவல்ல தீர்ப்பாணை விற்கப்படும்போது, அது காணி அல்லாமையால், பங்காளருக்கு எதுவும் அறிவிக்கவேண்டிய கடமை எழவில்லை. காணி நேரே போகும் வழிக்கு ஊர் காவல் வைத்திருந்தது. தீர்ப்பாணை வழியாக அது போவதற்குக் காவல் இருக்கவில்லை.

இரண்டாவது, மாற்றம் பெற்றவர் அதற்கு என்ன விலை கொடுத்தார் என்று சட்டம் கேட்பதில்லை. உரோமச் சட்ட வரலாற்றில் இக்கேள்வி மிகப் பழையது. பேரரசர் அனஸ்தாசியஸ் 506ஆம் ஆண்டில் இயற்றிய விதி, பிறருடைய கடன் உரிமையைக் குறைந்த விலைக்கு வாங்கியவர் தாம் கொடுத்த விலையையும் அதற்குரிய வட்டியையும் மட்டுமே கடனாளியிடமிருந்து பெறலாம் என்றது. துன்பத்தில் இருப்போரின் கடன்களை மலிவாக வாங்கி முழுத்தொகைக்கும் நெருக்குவோரைத் தடுப்பதே அதன் நோக்கம். உரோம–ஒல்லாந்தச் சட்டத்தைப் பொதுச் சட்டமாகக் கொண்ட இலங்கையில் இயற்றப்பட்ட 1889ஆம் ஆண்டுக் கோவையில் இத்தகைய எல்லை எதுவும் விதிக்கப்படவில்லை. நூறு ரூபாவுக்கு வாங்கிய முந்நூறு ரூபாத் தீர்ப்பாணை, வாங்கியவரின் கையிலும் முந்நூறு ரூபாத் தீர்ப்பாணையே.

4

தீர்ப்பாணை வெறும் கடதாசியன்று என்பதை உணர்வதற்கு அது நிறைவேறும் முறையை நோக்கவேண்டும். நீதிமன்றம் எழுத்தாணை பிறப்பிக்க, பிஸ்கால் அதிகாரி கடனாளியிடம் பணத்தைக் கோருவார்; கிடையாதவிடத்துச் சொத்தைக் கைப்பற்றி ஏலத்தில் விற்பார். அசையாச் சொத்தாயின் ஏலமெடுத்தவர் விலையில் நூற்றுக்கு 25 பங்கை உடனே கட்டி, மீதியை 30 நாட்களுக்குள் செலுத்துதல் வேண்டும். விற்பனையிற் குறைபாடு இருப்பின் கடனாளி 30 நாட்களுக்குள் முறையிடலாம். பின்னர் நீதிமன்றம் விற்பனையை உறுதிப்படுத்த, பிஸ்கால் உறுதி எழுதப்படும்.

தீர்ப்பாணைக்குரியவர் தாமே ஏலத்திற் கேட்பதாயின் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்துவிட்டால், தமக்கு வரவேண்டிய தொகையை ஏல விலையிற் கழித்துக்கொள்ளலாம். இதன் பொருளை நாம் ஆழ்ந்து நோக்கவேண்டும். ஏலத்துக்கு வரும் மற்றையோர் காசு கொண்டுவர வேண்டும். இவருக்கோ தீர்ப்பாணையே காசு. அத்தீர்ப்பாணையை மலிவாக வாங்கியவர், ஏனையோர் கேட்க முடியாத அளவுக்கு விலையை உயர்த்திக் கேட்டாலும் அவருக்கு உண்மையிற் செலவாவது சிறுதொகையே.

கோவையின் 218ஆம் பிரிவு சிலவற்றைக் கைப்பற்றலிலிருந்து விலக்கியது. உடுக்கும் உடை, படுக்கை, தொழிற் கருவிகள், உழவனின் கருவிகளும் தேவையான மாடுகளும் விதைநெல்லும், கூலியாளரின் கூலி என்பன அவ்விலக்கில் அடங்கும். இப்பட்டியலில் ஒரு வர்க்க உண்மை மறைந்துள்ளது. கூலியையே வாழ்வாகக் கொண்ட நிலமற்றவரிடம் கைப்பற்றுவதற்கு எதுவும் இல்லை. ஆகவே அவரது கடனுக்கு நீதிமன்றம் வேண்டப்படவில்லை. அது உழைப்பினாலும் ஊர்க் கட்டுப்பாட்டினாலும் வசூலிக்கப்பட்டது. தீர்ப்பாணைக்கு விலை உண்டாவது கைப்பற்றத்தக்க காணி இருக்கும்போதே. சில பரப்புத் தோட்டக்காணியும், சில பனைகளும், பிரிவிடப்படாத ஒரு வளவிற் பங்கும் உடைய சிறு நிலவுடைமையாளரே இவ்வணிகத்துக்கு இரையாகத்தக்கவர்.

அவர்களது நிலையை விளக்க நாம் ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். வலிகாமத்துப் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர்மீது 300 ரூபாவுக்குத் தீர்ப்பாணை விழுகின்றது. கடன்கொடுத்தவர் அதே ஊரவர். தோட்டக்காரர் அடுத்த போகத்திற் புகையிலையாக 100 ரூபாப் பெறுமதியும், திருவிழாவுக்கு முன் காசாக 50 ரூபாவும் கொண்டுபோய் அவரது விறாந்தையில் வைத்துக் கொடுக்கின்றார். “மிச்சத்தை ஆறுதலாகப் பார்ப்போம்” என்ற வாக்கும் கிடைக்கின்றது. பற்றுச்சீட்டு எழுதப்படவில்லை; கேட்பதும் மரியாதையன்று. மூன்று ஆண்டுகளின் பின் கடன்கொடுத்தவருக்கு மகளின் சீதனத்துக்குக் காசு தேவைப்படுகின்றது. அவர் தீர்ப்பாணையை வேறோர் ஊரவருக்கு 120 ரூபாவுக்கு எழுதிக் கொடுக்கின்றார். புதியவர் மனுச்செய்து, பதிவேட்டில் உள்ளவாறு 300 ரூபாவும் வட்டியும் கோருகின்றார்.

கடனாளிக்கு நியாய உரித்து இல்லையா என்று கேட்கலாம். 340ஆம் பிரிவு உண்டு என்கின்றது. ஆனால் அதே கோவையின் 349ஆம் பிரிவு, நீதிமன்றத்துக்கு வெளியே செலுத்தப்பட்ட தொகை நீதிமன்றத்துக்கு அத்தாட்சிப்படுத்தப்பட வேண்டும் என்றும், அவ்வாறு செய்யப்படாத கொடுப்பனவை நிறைவேற்றும் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளாது என்றும் விதிக்கின்றது. அத்தாட்சிப்படுத்தும் கடமை பணம் பெற்றவருடையது. கடனாளியும் நீதிமன்றத்துக்கு அறிவித்துப் பதிவுசெய்விக்கலாம் என்பது உண்மையே. அதற்குப் பிறக்கிராசியின் கட்டணமும் முத்திரைச் செலவும் ஒருநாட் கூலியும் வேண்டும். அவற்றினும் மேலாக, முகமறிந்த ஒருவரை நம்பவில்லை என்று நீதிமன்றத்தின் முன் கூறும் துணிவு வேண்டும். 340 திறந்துவைத்த வாயிலை 349 பெரும்பாலும் அடைத்துவிட்டது.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்கின்றது. தீர்ப்பாணை கைமாறும்போது தொகை மாறியது, வட்டி மாறியது, கைப்பற்றும் உரிமை மாறியது. கொடுக்கப்பட்ட புகையிலையும் சொல்லப்பட்ட வாக்கும் மாறவில்லை. அவை முன்னையவரின் நினைவோடு நின்றுவிட்டன. புதியவர் பொய் சொல்லவேண்டிய தேவைகூட இல்லை. தமக்கு எதுவும் தெரியாது என்ற உண்மையைச் சொன்னாலே போதும். பழைய கடன்கொடுத்தவரோ தாம் நெருக்கவில்லை என்று ஊரில் தலைநிமிர்ந்து நடக்கலாம். தீங்கு இழைக்கப்பட்டது; இழைத்தவர் எவருமிலர். கடன் பண்டமாவதன் சிறப்பியல்பு இதுவே.

பணத் தீர்ப்பாணையைப் பத்து ஆண்டுகளுக்குள் நிறைவேற்ற விண்ணப்பிக்கலாம் என்ற 337ஆம் பிரிவின் கால எல்லை இந்நிலையை மேலும் வலுப்படுத்தியது. பத்து ஆண்டுகள் நினைவு மங்குவதற்குப் போதிய காலம். கொடுத்ததைக் கண்ட சாட்சி இறப்பதற்கும் போதிய காலம். பதிவேட்டில் எழுதியது மட்டும் மங்குவதில்லை.

5

குடாநாட்டின் காணியுரிமை முறையோடு சேர்த்து நோக்கும்போது 339ஆம் பிரிவின் மற்றொரு விதி தனிக் கவனம் பெறுகின்றது. பலருக்கு எதிரான தீர்ப்பாணை ஒன்று அவர்களுள் ஒருவருக்கே மாற்றப்படுமாயின், அவர் அதனை மற்றையோருக்கு எதிராக நிறைவேற்ற முடியாது என்பது அவ்விதி. இதே விதி இந்தியக் கோவையிலும் உண்டு. கடனாளி தன் கடனைத் தானே வாங்கும்போது கடன் தீர்ந்துவிடுகின்றது என்பதே அதன் தத்துவம். மற்றையோரிடமிருந்து அவர்தம் பங்கைப் பெற அவர் தனியே வழக்காடலாம்; ஆனால் தீர்ப்பாணையை ஆயுதமாக்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் இவ்விதியின் சமூகப் பொருள் என்ன? தகப்பன் இறந்தபின் கடனும் காணியும் சகோதரருக்குச் சேர்ந்தே வருகின்றன. காணி பிரிவிடப்படாத பங்குகளாக இருக்கின்றது. சகோதரருள் ஒருவர் மலாயாவிலோ கொழும்பிலோ உத்தியோகம் பார்த்துக் காசோடு இருக்க, மற்றையோர் தோட்டத்தை நம்பியிருக்கின்றனர். காசுள்ளவர் தகப்பன்மீதான தீர்ப்பாணையை வாங்கி, அதைக்கொண்டு உடன்பிறந்தோரின் பங்குகளை ஏலத்திற் கொண்டுவந்து, முழுக் காணியையும் தமதாக்கிக்கொள்ளும் வாய்ப்பை இவ்விதி தடுக்க முயல்கின்றது. தேசவழமை காத்த குடும்பக் கூட்டுப் பொறுப்பின் ஓர் எதிரொலி, அதனை அறியாத சட்டக்கோவையொன்றில் தற்செயலாகக் கிடைத்தது எனலாம்.

ஆனால் இவ்விதியை மீறாமலே இதனைக் கடந்துசெல்லும் வழியும் உண்டு. தீர்ப்பாணையை மைத்துனர் பெயரிலோ நம்பிக்கையான வேறொருவர் பெயரிலோ எழுதுவித்தால், பதிவேட்டில் அவர் அந்நியர். கடனாளியே பின்னால் நிற்கின்றார் என்று நிறுவும் சுமை மற்றைச் சகோதரர்மீது விழுகின்றது. சொத்துக்காகக் கோடேறிய சகோதரர் கதைகள் எம்மூர்களிற் பல. அவற்றுள் எத்தனையில் தீர்ப்பாணை மாற்றம் திரைக்குப் பின்னால் இருந்தது என்பது, வழக்குக் கட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படித்தே அறியவேண்டிய விடயம்.

பெண்களின் நிலையும் இதனோடு தொடர்புடையது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசச் சட்டம், மனைவியின் தனிச்சொத்து கணவனின் கடனுக்குப் பொறுப்பாகாது என்று விதித்தது. அச்சொத்தின் பயிர்ச்செய்கைக்காகவும் பராமரிப்புக்காகவும் திருத்தத்துக்காகவும் பட்ட கடன் மட்டும் விலக்கு. இவ்விலக்கு சிறியதாகத் தோன்றலாம். சீதனக் காணியிலேயே புகையிலை நட்ட குடும்பத்தில், எந்தக் கடன் காணிக்காகப் பட்டது, எந்தக் கடன் கணவனுக்காகப் பட்டது என்பதைக் கடன்கொடுத்தவர் அறிந்திருப்பார். தீர்ப்பாணையை விலைக்கு வாங்கியவருக்கு அவ்வேறுபாட்டை அறியவேண்டிய தேவையில்லை. அவ்வேறுபாட்டை நீதிமன்றத்தில் நிறுவவேண்டியவள், வீட்டுக் கணக்கை எழுதிவைக்க எவரும் பழக்காத பெண்.

6

இந்நிலைமை குடாநாட்டுக்கு மட்டும் உரியதன்று. மேற்கிந்தியாவின் தக்கணப் பகுதியில் 1875ஆம் ஆண்டில் பூனா, அகமதுநகர் மாவட்டக் குடியானவர் கிளர்ந்தெழுந்தபோது, வட்டிக்கடைக்காரரின் பத்திரங்களையும் தீர்ப்பாணைகளையும் பறித்து எரிப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டனர். தம்மை அழுத்துவது மனிதரின் கையிலுள்ள எழுத்து என்பதை அவர்கள் சரியாகவே உணர்ந்திருந்தனர். அதன் விளைவாக 1879ஆம் ஆண்டில் தக்கண விவசாயிகள் நிவாரணச் சட்டம் பிறந்தது. சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் அமைச்சரவை 1938ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தினால் விவசாயிகளின் கடனைக் குறைத்தது. 1932ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதிக்கு முன் பட்ட கடன்களில் 1937ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி நிலுவையிலிருந்த வட்டி முழுவதும் நீக்கப்பட்டது. தீர்ப்பாணையாகிவிட்ட கடன்களுக்கும் அந்நிவாரணம் சென்றது என்பதே இங்கு முக்கியமானது. நீதிமன்றம் எழுதியதை மீண்டும் திறந்து பார்க்கலாம் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது.

இலங்கையிற் சீர்திருத்தம் வேறு பாதையிற் சென்றது. 1911ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தோன்றின; வடபகுதி அவ்வியக்கத்தில் முன்னணியில் நின்றது. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணம் கடன்கொடுத்தற் சட்டம், மிகை வட்டியும் கடுமையான நிபந்தனையும் கொண்ட கொடுக்கல் வாங்கலை நீதிமன்றம் மீளாய்வு செய்ய இடமளித்தது. முதல், வட்டி, முற்கழிவு என்பன கடன்சீட்டிற் காட்டப்படவேண்டும் என்றது. சேர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் அமைந்த இலங்கை வங்கியியல் ஆணைக்குழு 1934ஆம் ஆண்டில் நாட்டின் கடன் நிலையை ஆராய்ந்தது. 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் கடன் இணக்கசபையை ஏற்படுத்தியது. இவை யாவும் கடன் பிறக்கும் இடத்தையோ இருதரப்பாரும் இணங்கும் வாய்ப்பையோ நோக்கின. தீர்ப்பாணை பிறந்தபின் அது எவர் கைக்குச் செல்கின்றது, என்ன விலைக்குச் செல்கின்றது என்ற வினா இலங்கைச் சீர்திருத்தங்களின் மையத்துக்கு வரவில்லை.

தக்கணத்தில் நிகழ்ந்தது போன்ற ஓர் எழுச்சி யாழ்ப்பாணத்தில் ஏன் நிகழவில்லை? தக்கணத்துக் கடன்கொடுத்தோர் பெரும்பாலும் மார்வாரி, குஜராத்தி வணிகர், கிராமத்துக்கு அந்நியர். யாழ்ப்பாணத்தில் வண்ணார்பண்ணைச் செட்டிமார் இருந்தனராயினும், கடன்கொடுத்தோருட் பலர் அதே ஊரின் நிலமுடையோரும், மலாயாவிலும் கொழும்பிலும் தேடிய பணத்தோடு திரும்பிய உத்தியோகத்தரும் ஆவர். கடன்பட்டோரும் கொடுத்தோரும் பல இடங்களில் ஒரே சாதியினர். ஒரே கோயிலின் உபயகாரர். வர்க்க முரண்பாடு சாதியின் ஒற்றுமைக்குள் மறைந்தது. கூட்டான எதிர்ப்பு எழவேண்டிய இடத்தில் தனித்தனி வழக்குகள் எழுந்தன. யாழ்ப்பாணத்தாரை வழக்காடும் பிரியர் என்று இகழ்வோர் உளர். வழக்காடும் பிரியம் ஒரு மக்களின் பிறவிக்குணமன்று. கூட்டாகப் போராட வழியற்ற ஒரு சமூகத்தில் முரண்பாடு எடுக்கும் வடிவம் அது என்றே நாம் கருதுகின்றோம்.

7

இவ்வரலாற்றை இன்று எழுதுவோருக்கு ஒரு கசப்பான முரண் எதிர்ப்படுகின்றது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் எழுத்து நினைவை வென்றது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுத்தே அழியத் தொடங்கியது. 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. 1990 முதல் 1995 வரை குடாநாடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது; 1993ஆம் ஆண்டில் அவர்கள் தமது நீதிமன்றங்களை அமைத்தனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் சில மணித்தியாலங்களில் வீட்டைவிட்டுப் புறப்பட்டனர். உறுதிப் பெட்டியைத் தூக்கிச் செல்ல முடிந்தவர்களும் இருந்தனர். விட்டுச் சென்றவர்களும் இருந்தனர். எழுத்தை மட்டுமே நம்பக் கற்பிக்கப்பட்ட ஒரு சமூகம், தன் எல்லைகளையும் பங்குகளையும் கொடுக்கல் வாங்கலையும் மீண்டும் நினைவிலிருந்து சொல்லவேண்டியதாயிற்று.

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் காலவிதிப்பு விசேட ஏற்பாடுகள் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் நீதிமன்றத்தை நாட முடியாதிருந்தோரின் அசையாச் சொத்துரிமைக்கு அக்காலப்பகுதி தடையாகாது என்று விதித்தது. வெறும் பதிவும் வெறும் காலமும் நீதியின் முழு அளவுகோல் ஆகா என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட தருணங்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் அச்சட்டம் காணியைப் பற்றியது, பணக் கடன்பற்றியதன்று.

கடனோ போர் முடிந்தபின் புதிய முகத்தோடு ஊர்களுக்குள் வந்தது. நுண்கடன் நிறுவனங்களின் வாராந்தத் தவணைகள் வடக்கின் பெண்களை நெருக்கியமை பரவலாக அறியப்பட்டது. 2018ஆம் ஆண்டில், வரட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைப் பொறுப்பேற்று நீக்க அரசு முன்வரவேண்டியதாயிற்று. கடன் கொடுக்கும்போது வீட்டு வாசலில் இருந்து பேசியவர் ஒருவர்; வசூலிக்க வருபவர் வேறொருவர்; கோவையில் உள்ள கணக்கைத் தவிர வேறெதையும் அறியேன் என்று அவர் சொல்வது மெய்யாகவும் இருக்கலாம். நூறாண்டுகளுக்கு முன் தீர்ப்பாணையை விலைக்கு வாங்கியவர் சொன்ன மறுமொழியும் அதுவே.

கடன் உரிமை கைமாறுவதை முற்றாகத் தடுக்கவேண்டும் என்பது எமது வாதமன்று. கடன்கொடுத்தவர் இறக்கலாம், அவரே வேறொருவருக்குக் கடனாளியாகலாம், அவருக்கும் நியாயமான தேவை எழலாம். எமது கருத்து இதுதான்: உரிமை கைமாறும்போது அதனோடு சேர்ந்த வரலாறும் கைமாற வேண்டும். கொடுக்கப்பட்டது என்ன, வாங்கப்பட்டது என்ன, கைமாறிய விலை என்ன என்பவற்றைக் கேட்டறியும் கடமை விலைக்கு வாங்குபவருக்கு இருத்தல் வேண்டும். கேளாதிருந்தவருக்கு அறியாமை பயன்தரலாகாது. அனஸ்தாசியஸின் விதி பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வினாக்களுள் ஒன்றைக் கேட்டது.

ஆய்வு மாணவருக்கு இத்துறையிற் செய்யத்தக்க பணி நிறைய உண்டு. ஹென்றி பிரான்சிஸ் முத்துக்கிருஷ்ணா 1862ஆம் ஆண்டில் வெளியிட்ட தேசவழமைப் பதிப்பு, யாழ்ப்பாண நீதிமன்றத் தீர்ப்புக்கள் பலவற்றைத் தொகுத்துத் தருகின்றது. அதற்குப் பிற்பட்ட காலத்துக்கு அச்சேறிய தீர்ப்புத் தொகுதிகள் உள்ளன. ஆனால் அச்சேறியவை மேன்முறையீடு வரை சென்ற வழக்குகளே. அவ்வளவு தூரம் செல்ல வசதியற்றோரின் வரலாறு, வீடுகளில் எஞ்சியுள்ள உறுதிக் கட்டுகளிலும் முதியோரின் நினைவிலுமே உள்ளது. கட்டுகளைப் படியெடுக்கச் செல்லும் மாணவர், அவற்றை வைத்திருப்போர் சொல்வதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். விறாந்தையில் வைத்துக் கொடுக்கப்பட்டு எங்கும் பதியப்படாத அந்த நூற்றைம்பது ரூபாவின் கணக்கு அங்கே மட்டுமே கிடைக்கும்.